புதுப்பிப்பு: அப்பாவின் நெட்புக்கில் இப்போது ஆன்டிஎக்ஸ்

இன்டெல் ஆட்டம் என்270 என்ற 32-பிட் செயலி போட்ட, 1 ஜிபி ராம் கொண்ட பழைய நெட்புக்குக்கு எந்த லினக்ஸ் சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் எக்ஸ்எஃப்சிஇ (லினக்ஸுக்கான ஓர் எளிய டெஸ்க்டாப்) என்றீர்கள். ஓடியது, ஆனால் மெனு திறப்பதற்கே யோசித்தது. இப்போது பழைய கணினிகளுக்கான லினக்ஸான ஆன்டிஎக்ஸின் 32-பிட் பதிப்பு, அதில் ஐஸ்டபிள்யூஎம் (இன்னும் இலகுவான சாளர மேலாளர்). வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

ராமை 2 ஜிபி ஆக்கிவிட்டேன். இந்த சிப்செட்டுக்கு (செயலியையும் ராமையும் இணைக்கும் சில்லுகள்) அதுதான் உச்சவரம்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினேன், கூடவே இசட்ராம் (ராமில் இருப்பதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் வசதி). லிப்ரே ஆபிஸில் அப்பா கடிதம் அடிக்கிறார், சிக்கலில்லை. ஃபயர்பாக்ஸில் இரண்டு மூன்று டேப் தாண்டினால்தான் மூச்சு வாங்குகிறது. யூடியூபை உலாவியில் தொடவே வேண்டாம்; எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் 360பி வைத்தால் தடங்கலில்லை.

மின்சாரம் பற்றிக் கேட்டவர்களுக்கு: என்270-க்கு 2.5 வாட்தான், ஆனால் கூட வரும் 945 சிப்செட் அதைவிட அதிகம் தின்னும். அதனால்தான் நெட்புக்கில் அந்த விசிறி.

அப்புறம், டெபியன் (இன்னொரு லினக்ஸ்) போடலாமா என்றவர்களுக்கு: 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிக்கு நிறுவியும் (இன்ஸ்டாலர்) இல்லை, கர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு.