ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்குகிறவர்கள், கேஸ்கட் சுரண்டுகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டை இறக்கும்போது வில்லங்கமே ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டில்தான். துருவேறி நட்டு சுற்றாது. உடனே சுத்தியலால் ஷீட்டைத் தட்டி ஓட்டையைப் பெரிதாக்கிக் கழற்றுவார்கள். பத்து நிமிட வேலை மிச்சம், அத்தனை தூசியும் மூக்குக்கு. நுரையீரலைக் கெடுப்பது அந்தத் தூசியில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார். ஷீட்டில் நார் பத்தில் ஒரு பங்குதான், மீதி சிமென்ட்; உடையாதவரை நார் உள்ளேயே கிடக்கும். அதனால் போல்ட் கட்டரால் நட்டுக்குக் கீழே வெட்டுங்கள், கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதற்கு முன் பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீரோடு கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து இரண்டு பக்கமும் நனையுங்கள். வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். நனைந்த ஷீட் வழுக்கும், பழசு என்றால் காலை வைத்ததும் உடையும். பலகை போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும்.

—

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க. கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் ரெண்டும் சும்மா. பி100 வடிகட்டி (நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வகை) போட்ட, மூக்கையும் வாயையும் மூடுற அரை முகமூடி வேணும், தாடி இருந்தா அதுவும் ஓரத்துல கசியும். கீழ விழுந்த தூளைத் துடைப்பத்தால பெருக்கக் கூடாது, ஈரத்துணியால ஒத்தி எடுத்து ரெண்டு அடுக்கு கனமான பாலிதீன்ல கட்டணும். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறவே கூடாது. துணி துவைக்கிற மனைவிக்கு நோய் வந்த கதை பல நாடுகள்ல பதிவாகியிருக்கு.

—

கூரையை மட்டுமே பேசுகிறோம். பாய்லர் ஃபிளாஞ்சில் (குழாய் இணைப்புத் தட்டில்) ஒட்டிக்கொண்ட சிஏஎஃப் கேஸ்கட்டை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் நாரை அழுத்திச் செய்த கேஸ்கட்டை, கம்பி பிரஷ் வீலால் தேய்ப்பதும், ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் போட்ட பழைய பிரேக் டிரம்மை கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் அதே அளவு மோசம். கேஸ்கட்டை நனைத்துவிட்டுக் கைச் சுரண்டியால் எடுங்கள். டிரம்மை ஈரத்துணியால் துடையுங்கள்.

—

நோய் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். ஐந்து மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீளமான, மெல்லிய நார் நுரையீரலின் அடிவரை போய்விடும். அதை விழுங்க வரும் செல்லுக்கு முழுசாக விழுங்க முடியாது. திணறித் திணறி அங்கே அழற்சி, பிறகு தழும்பு. இப்படி நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ் தெரிய 10 முதல் 20 வருடம் ஆகலாம், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமாவுக்கு 30, 40 வருடம்கூட. இருமல் இல்லை என்பதால் தப்பித்தோம் என்று கணக்குப் போடாதீர்கள்.

மாடிப்படியில் மூச்சிரைப்பு, முதுகுப்பக்கம் கீழ் நுரையீரலில் மூச்சை இழுக்கும்போது வெல்க்ரோ பிரிப்பது போன்ற சத்தம், இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸின் வழக்கமான தொடக்கம். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஏமாற்றிவிடும், எச்ஆர்சிடி (நுண்ணிய சிடி ஸ்கேன்) காட்டிவிடும். ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனையான ஸ்பைரோமெட்ரியில் எஃப்விசி (முழு மூச்சிழுத்து வெளியே ஊதும் காற்றின் அளவு) குறையும். காசநோய் பெரும்பாலும் மேல்பகுதியில் தொடங்கும், இது கீழே. ஆனாலும் காசநோய் மாத்திரை கொடுத்து மாதங்களைக் கழிப்பது நடக்கிறது. டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே என்ன வேலை, எந்த வருடம் முதல் என்று சொல்லுங்கள். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள்: ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் தனித்தனி அபாயங்களைக் கூட்டினால் வருவதைவிட மிக அதிகம். மீசோதீலியோமாவுக்குப் புகை காரணமில்லை, அது பெரும்பாலும் நாரோடு கணக்கு.

—

காகிதம் முக்கியம் சார். 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையைவிட்டு 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அதையெல்லாம் வைத்திருப்பார் என்று நம்ப வேண்டாம். இஎஸ்ஐ எண், சம்பளச் சீட்டு, பழைய எக்ஸ்ரே படம், எந்த இடத்தில் எந்த மாதம் என்ன பொருளைத் தொட்டோம் என்ற ஒரு நோட்டு, நாலையும் ஒரே பையில் போட்டு வீட்டில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.