நம்பிக்கை ஆட்டம் கண்டபோது உங்களைத் தாங்கியது எது?

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பதினோரு நாளும் நான் வெளியே ஒரு நாற்காலியில்தான் கிடந்தேன். முதல் மூன்று நாள் விடாமல் வேண்டினேன். நான்காம் நாள் வாய் மட்டும் முணுமுணுத்தது. அப்புறம் அதுவும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து இரவில் வேண்டாமல் நான் படுத்ததே கிடையாது. அம்மா உயிருக்குப் போராடும் நேரத்தில் அது என்னை விட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடமும் நம்பியதெல்லாம் வெறும் பழக்கம்தானோ என்று பயமாக இருந்தது.

எதிரே வயதான ஓர் அம்மா. அவருடைய கணவர் உள்ளே இருந்தார். மடியில் எப்போதும் ஒரு பிரார்த்தனைப் புத்தகம். அட்டை கிழிந்ததை நூலால் தைத்திருந்தார். பக்கங்களின் கீழ்மூலை விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒருநாள் விடியற்காலை கேட்டுவிட்டேன்: "உங்களால மட்டும் எப்படிம்மா முடியுது?"

"எங்கேம்மா முடியுது? இதைத் திறந்து பத்து நாளாச்சு. திறந்தா கோபம் கோபமா வருது. கீழ வைக்கவும் மனசு வரல. அதான் சும்மா வச்சிருக்கேன்."

சொல்லும்போது அவர் கட்டைவிரல் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தது.

என் அம்மா பிழைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத என்னால் முடியாது.

பிறகுதான் அன்னை தெரசாவின் கடிதங்களைப் பற்றிப் படித்தேன். அவர் 1997-இல் மறைந்தார். கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தன. இறைவன் தன்னோடு இருப்பதையே உணர முடியவில்லை என்று தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். நடுவில் வந்த ஒரு சிறு இடைவெளி தவிர, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த இருட்டு. அவருக்கு நம்பிக்கையே இல்லை என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஐம்பது ஆண்டும் அவர் விடிவதற்கு முன் எழுந்து ஜெபத்துக்குப் போனார், சாகக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார். உள்ளே ஒன்றுமே கேட்காதபோதும் போனாரே, அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இப்போது இரவில் மறுபடி வேண்டுகிறேன். சில நாள் வார்த்தை வருகிறது. சில நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுகிறேன்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு. நான் கடவுள் மறுப்பாளன். யோசித்துப் படித்து, வீட்டில் எல்லோரையும் எதிர்த்து எடுத்த முடிவு அது. என் மகளை அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் "காப்பாத்து" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மகள் நலமாக இருக்கிறாள். என் முடிவும் மாறவில்லை. ஆனால் அன்றைக்கு அப்படிச் சொன்னதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. சந்தேகம் உங்கள் பக்கம் மட்டும் வருவதில்லை என்று சொல்லத்தான் எழுதினேன்.

*

நான் சிறுவர்களுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவனின் வாப்பா மௌத்தானார் (இறந்துபோனார்). திரும்பி வந்த முதல் நாளே கேட்டான்: "நாங்க எல்லாரும் துஆ கேட்டோமே உஸ்தாத், அப்புறம் ஏன்?"

"நல்லவங்களை அல்லாஹ் சீக்கிரம் அழைச்சுக்குவான்" என்றேன். கைவசம் இருந்த பதில்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எங்க உம்மாவும் நல்லவங்கதானே?" என்றான்.

அன்று இரவு தூக்கமில்லை. மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலிதான் நினைவுக்கு வந்தார். 1095-இல் அவர் பக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பெரும் ஆசிரியராக இருந்தபோது, ஒரு கட்டத்தில் பாடம் நடத்த அவருக்கு நாக்கே எழவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. உடம்பில் அல்ல, மனதில்தான் நோய் என்று சொல்லி மருத்துவர்கள் கைவிரித்தார்கள். தான் கற்பிப்பது இறைவனுக்காகவா, பேருக்காகவா என்ற கேள்விதான் அவரை அப்படி உலுக்கியது. பதவியை விட்டுவிட்டுப் போனவர், திரும்பப் பாடம் நடத்த வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இதையெல்லாம் நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும் நாக்கு எவ்வளவு சுலபமாக எழுந்துவிட்டது!

அடுத்த வகுப்பில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. ஏன்னு எனக்கும் தெரியாது. ஆனா உன் வாப்பாவுக்காக தினமும் துஆ கேட்கிறேன்" என்றேன்.

"பேர் சொல்லியா கேட்கிறீங்க?"

"ஆமா, பேர் சொல்லித்தான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கத்தைத் தேட ஆரம்பித்தான்.