வெற்றிலைப் பெட்டியில கிடந்த மவுத்பீஸ்

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

[சனி, பகல் 2:10] லண்டன் அருண்: எல்லாருக்கும் வணக்கம். தாத்தா கிளாரினெட்டை எடுத்துட்டு வந்தேன்ல, பெட்டியில மவுத்பீஸ் (வாயில வெச்சு ஊதற மேல்துண்டு) இல்ல. இங்க புதுசா ஒண்ணு வாங்கி மாட்டினேன். கீழ ச ஊதி, கட்டைவிரல் கீயை அமுக்கினா மேல் பஞ்சமம் வரணும். வருது, ஆனா ச-வோட சேரவே மாட்டேங்குது.

[2:14] குரோம்பேட்டை சித்தப்பா: இத்தனை வருஷம் பரண்ல கிடந்ததுப்பா. மரம் வெடிச்சிருக்குமோ?

[2:21] லண்டன் அருண்: மரம் நல்லா இருக்கு மாமா. என் வாத்தியார் பார்த்துட்டார். இது பூஸி அண்ட் ஹாக்ஸ் கம்பெனியோட 1010 மாடல். ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுல கிளாரினெட் வாசிச்ச ஜாக் பிரைமர் வெச்சிருந்த அதே மாடல். குழல் உள்துளை சுமார் 15.2 மில்லி, ரொம்ப அகலம். இதுக்குன்னு செஞ்ச மவுத்பீஸ்ல துளை நேரா போகும். கடையில கிடைக்கிறதெல்லாம் பிரெஞ்சு அளவு, உள்ள போகப் போகக் குறுகும். அதை இதுல மாட்டினா மேல்ஸ்தாயியும் கீழ்ஸ்தாயியும் ஒட்டாது.

[2:22] லண்டன் அருண்: பழசு எங்கயாவது இருக்கான்னு தயவுசெஞ்சு தேடுங்க. 1010 செய்யறதை 1980-கள்லயே நிறுத்திட்டாங்க.

[2:40] கவிதா: தாத்தா ரெக்கார்டிங் முடிஞ்சு வந்ததும் அதை மட்டும் தனியா கழட்டித் துடைச்சு வெப்பாரே. அத்தை, வெற்றிலைப் பெட்டியில பாத்தீங்களா?

[3:32] தாம்பரம் அத்தை: இருக்குடி கவிதா! ரெண்டு இருக்கு. ஒண்ணு பளபளன்னு கறுப்பு. இன்னொண்ணு காவி ஏறி பழுப்பா, அசிங்கமா இருக்கு. வெந்நீர் கொதிக்குது, ரெண்டையும் போட்டு எடுக்கிறேன்.

[3:33] லண்டன் அருண்: அம்மா வேண்டாம்!! அடுப்பை அணை. அது எபோனைட்மா, ரப்பரும் கந்தகமும் சேர்ந்தது. சூடு பட்டா கோணிடும், நிறமும் போயிடும். பச்சைத் தண்ணி, மெல்லிசுத் துணி, அவ்வளவுதான்.

[3:35] தாம்பரம் அத்தை: நல்ல வேளை, இன்னும் போடல. அந்தக் கறுப்பைத்தானே அனுப்பணும்?

[3:36] லண்டன் அருண்: பார்வைக்குச் சொல்ல முடியாதும்மா. அளந்தாதான் தெரியும்.

[3:50] குரோம்பேட்டை சித்தப்பா: அக்கா, ரெண்டையும் துணியில சுத்தி வை. சாயங்காலம் வரேன். லேத்ல 15.1 மில்லிக்கு ஒரு நைலான் குச்சி கடைஞ்சு எடுத்துட்டு வரேன். நைலான்னா கீறல் விழாது.

[இரவு 7:48] குரோம்பேட்டை சித்தப்பா: கறுப்புல குச்சி நுழையவே இல்ல, வாயிலேயே நின்னுடுச்சு. பழுப்புல துளை முடியற வரைக்கும் வழுக்கிட்டுப் போச்சு. ஆட்டம் இல்ல, பிடிப்பும் இல்ல. இதுதான்டா.

[7:50] குரோம்பேட்டை சித்தப்பா: மேல பல்லு படற இடத்துல சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருக்கு. அதுல ரெண்டு பல்லுக் குழி. அந்த டியூபை வெட்டிக் கொடுத்தது நான்தான். அப்போ எட்டாவது படிச்சிட்டிருந்தேன்.

[7:52] கவிதா: சித்தப்பா 🙏

[7:55] லண்டன் அருண்: மாமா, நுனி எப்படி இருக்கு? ரீடு, அதான் ஊதும்போது அதிர்ற நாணல் தகடு, அங்கதான் அடிக்கும். விளக்கு வெளிச்சத்துல பாருங்க.

[8:03] குரோம்பேட்டை சித்தப்பா: நுனி முழுசா இருக்கு. கண்ணாடி மேல படுக்க வெச்சேன், அடிப்பக்கம் நல்லா உட்காருது. ஓரத்துல மெல்லிசா ஒரு பிசிறு. ஜீரோ எமரித் தாள்ல (நைசான உப்புத்தாள்) ஒரே ஒரு இழுப்பு இழுக்கட்டுமா?

[8:04] லண்டன் அருண்: தொடாதீங்க மாமா! நுனிப்பக்கம் ரீடை விட்டு விலகுற அந்த வளைவு மில்லியில நூறுல ஒரு பங்கு கணக்கு. அது மாறினா நாதமே மாறிடும். நிறைய பழைய மவுத்பீஸ் இப்படி தேய்ச்சுத்தான் வீணாப்போகுது. தேவைப்பட்டா இங்க அதுலயே கைதேர்ந்தவர்கிட்ட காட்டிக்கிறேன்.

[8:06] குரோம்பேட்டை சித்தப்பா: நூறுல ஒண்ணுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்ப்பா. கை வைக்கல. குழல்ல சொருகற இடத்துல சுத்தியிருக்கிற கார்க் மட்டும் உதிர்ந்து போயிருக்கு.

[8:08] லண்டன் அருண்: கார்க் இங்க போட்டுக்கலாம். அதுவரைக்கும் மெழுகு நூல் சுத்தினா போதும். வெயில் படாம வைங்க, வெளிச்சத்துலதான் அது பழுப்பாகும்.

[8:20] தாம்பரம் அத்தை: எதிர் வீட்டுப் பொண்ணு 18-ஆம் தேதி லண்டன் போறா. கைப்பையிலேயே வெச்சுக்கிறேன்னு சொல்லிட்டா. அப்பா வேட்டியில சுத்திக் கொடுக்கறேன்.

[19-ஆம் தேதி, இரவு 11:40] லண்டன் அருண்: 🎤 குரல் செய்தி (0:48)

[11:46] குரோம்பேட்டை சித்தப்பா: சேருதுடா. ச-வும் ப-வும் சேருது.

[11:47] தாம்பரம் அத்தை: அருண், அந்த டியூப் துண்டைப் பிய்ச்சுடாதே.

[11:48] லண்டன் அருண்: அது மேலதான்மா பல்லை வெச்சு ஊதினேன்.