பழைய கார் மதிப்பீடு: தகட்டையும் தயாரிப்புத் தேதியையும் சரிபார்த்த அனுபவங்கள்

மயிலாப்பூர் உறுப்பினர்:

பழைய கார் போட்டிகளில் அசல்தன்மைக்கு மதிப்பெண் போடும் குழுவில் இருக்கிறேன். பெயின்ட்டையும் குரோமியத்தையும் பார்க்க வேறு ஆட்கள் உண்டு. தகடும் (தயாரிப்பாளர் வண்டியின் எண்ணைப் பொறித்துப் பொருத்தும் அடையாளத் தகடு, நம்பர் பிளேட் அல்ல) எண்களும் என் பொறுப்பு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஆண்டையே கார் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. புத்தகம் ஒன்று சொல்ல, வண்டி வேறொன்று சொன்ன ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஹெரால்டு நம் ஊர்ப் பிள்ளை. வண்டலூர் ஆலையில் 1961 முதல் தயாரானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு போட்டிக்கு வெளிர்நீலத்தில் ஒன்று வந்து நின்றது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஆர்.சி.யில் 1964. ஆனால் வண்டிக்கு நான்கு கதவுகள்! நான்கு கதவு ஹெரால்டு 1960களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் ஓடியவை இரண்டு கதவு வண்டிகள். உரிமையாளர் இளைஞர், தாத்தாவின் காரை ஆசை ஆசையாகச் செப்பனிட்டிருந்தார். “சார், புத்தகத்திலேயே 1964 என்று இருக்கிறதே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஹெரால்டில் பானெட்டும் முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். சாய்த்துப் பார்த்தேன். தகட்டின் எண் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. ஆனால் ரிவெட்டுகள் புத்தம் புதியவை. தகட்டின் ஓரத்துக்கு அடியிலும் அதே நீலப் பெயின்ட் ஓடியிருந்தது. பெயின்ட் அடிப்பதற்காகத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டியிருக்கிறார்கள். நம் பட்டறைகளில் இது சர்வசாதாரணம். இதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது அநியாயம். ஆனாலும் உங்களையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்: தகட்டைக் கழற்ற விடாதீர்கள், டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை கழன்ற தகட்டுக்குப் பழைய சாட்சி மதிப்பு திரும்புவதே இல்லை.

பிறகு டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தேன். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம். பாடியைப் பகுதி பகுதியாக அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதனால் ஒரு வண்டியின் பாடி இன்னொரு வண்டியின் சேசிஸில் ஏறுவது எளிது. பாடியைத் தாங்கும் இடங்களில் கிரீஸைத் துணியால் துடைத்தபோது, பழைய கிரீம் நிறப் பெயின்ட் தெறித்திருந்தது தெரிந்தது. பாடியிலோ கிரீம் நிறத்தின் சுவடே இல்லை. பெயின்ட் உதிர்ந்த இடங்களில் நீலத்துக்குக் கீழே கறுப்பு மட்டும்தான்.

இளைஞர் அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டார். செங்கல்பட்டுக்கு அருகே லாரி மோதிய கதை வெளியே வந்தது. நொறுங்கிய பாடியை எடுத்துவிட்டு, பிற்கால வண்டி ஒன்றின் பாடியை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அசல் வண்டிகளின் பிரிவிலிருந்து எடுத்து, புதுப்பிக்கப்பட்டவற்றின் பிரிவில் சேர்த்தோம். இளைஞருக்கு வருத்தம்தான். ஆனால் 1964 சேசிஸ், பிற்காலப் பாடி என்று மதிப்பெண் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். குடும்பத்தின் கையிலேயே இருந்துவரும் சேசிஸ் அது. அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை.

பெரம்பூர் உறுப்பினர்:

ஐயா, பதிவு ஆண்டு விஷயத்தில் என் மாரிஸ் மைனரும் சாட்சி. ஆர்.சி.யில் 1954. 1950களின் நடுப்பகுதி வரை வந்த மைனர் தகடுகளில் முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். அடுத்து ஏ என்றால் நான்கு கதவு, பி என்றால் இரண்டு கதவு. மூன்றாவது எழுத்து நிறம். அதற்குப் பிறகு வரும் எண்ணைத்தான் நம் ஊரில் கவனிக்க வேண்டும். என் தகட்டில் அது 5: வலப்பக்க ஸ்டீயரிங்கோடு, பாகங்களாகப் பெட்டியில் அனுப்பப்பட்ட வண்டி.

இங்கிலாந்தில் பெட்டி கட்டி, கப்பலேறி, இங்கே பூட்டி, விற்று, பதிவாகும் வரை காலம் ஓடிவிடும். அந்நாட்டின் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதி ஆவணச் சான்றிதழ் வாங்கினேன். அதில் தயாரிப்பு ஆண்டு 1953. எண்ணூரில் 1949 முதல் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய ஆஸ்டின் ஏ40 வைத்திருப்பவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு போட்டியில் நடுவர் ஒருவர் இதைக் கேட்கவே மறுத்து, ஆண்டு பொருந்தவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அன்று நெஞ்சு கொதித்தது.

அண்ணா நகர் உறுப்பினர்:

அமெரிக்க வண்டிகளில் கணக்கு வேறு. 1964 ஷெவர்லே இம்பாலா ஒன்றின் தகட்டில் 05பி என்று இருந்தது. மே மாதம், இரண்டாவது வாரம். எஞ்சின் பிளாக்கின் பின்விளிம்பில் வார்ப்பிலேயே ஜி 20 4 என்று இருந்தது. ஜி என்றால் ஜூலை. 1964 ஜூலை 20. வண்டி உருவான பிறகு வார்த்த எஞ்சின் அதற்குள் எப்படிப் பிறந்திருக்கும்? விற்க வந்தவர் “அசல் எஞ்சின்” என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் வாங்கவில்லை.

மயிலாப்பூர் உறுப்பினர்:

பெரம்பூர் நண்பரே, சான்றிதழின் நகலை மதிப்பெண் தாளோடு சேர்த்துக் கொடுங்கள். குழுவில் நான் பேசுகிறேன். 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலாகி, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்குத்தான் விண்டேஜ் பதிவு. அதனால் எல்லோருமே ஆவணங்களை இப்போதே ஒழுங்குபடுத்தி வையுங்கள்.

போட்டிக்கு வருமுன் எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மட்டும் துடையுங்கள். எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பதிவெடுப்போம். எமரியால் விளிம்பு மழுங்கிய எண்ணும், ராவிவிட்டு மறுபடி அடித்த எண்ணும் அந்தக் காகிதத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விழும்.