அரியர் 11,38,000, கையில் வந்தது 9,51,990: பிடித்தம் சரிதானா?

குழித்துறை டீச்சர்
2023 ஜூனில் அரசு உதவிபெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். நியமன ஒப்புதல் வர 20 மாதம் ஆனது. அதுவரை ஒரு பைசா சம்பளம் கிடையாது. மாமியாரின் வளையலைக்கூட மார்த்தாண்டத்தில் அடகு வைத்தோம். அதற்கு வட்டி கட்டியது என் கணவரின் ரப்பர் பால்வெட்டுக் கூலி. மழைநாளில் வெட்டு இல்லை என்றால் வட்டியும் நிற்கும்.

2025 பிப்ரவரியில் அரியர் மொத்தமாக வந்தது. பில்லில் 11,38,000. பாஸ்புக்கில் 9,51,990. சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியம்) 1,09,978, வருமான வரி 71,032, தொழில் வரி 5,000 பிடித்திருக்கிறார்கள். மாதாமாதம் தந்திருந்தால் எனக்கு வரியே வந்திருக்காதே? மனசு ஆறவில்லை.

தக்கலை எழுத்தர் (ஓய்வு)
மக்ளே, சி.பி.எஸ். பற்றிக் கவலை வேண்டாம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் அது. உங்கள் கணக்கில்தான் ஏறும். அதே அளவு அரசும் போடும். வருடக் கணக்குச் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொழில் வரி வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டக்கூடாது. நான்கு அரையாண்டுக்கு 5,000 சரிதான்.

வருமான வரியில்தான் விஷயம் இருக்கிறது. பிப்ரவரிச் சம்பளமும் சேர்ந்து 2024-25 வருமானம் 11,97,000 ஆகிவிட்டது. அதனால் வரி. ஆனால் அதில் சுமார் 5,53,000 உங்களுக்கு 2023-24-இல் வந்திருக்க வேண்டிய பணம். பிரித்துப் பார்த்தால் இரண்டு வருடமும், நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்சன்) போக, 7 லட்சத்துக்குக் கீழே. புதிய வரி முறையில் தள்ளுபடி போக இரண்டுக்கும் வரி பூஜ்யம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு நிவாரணம் இதற்குத்தான். வேறு வருமானம் இல்லையென்றால் அந்த 71,032-உம் திரும்ப வரும்.

கருங்கல்
டீச்சர், அந்த நிவாரணம் கேட்கும் படிவம் 10இ-யை வருமான வரித் தளத்தில் முதலில் போடுங்கள். அப்புறம்தான் ரிட்டர்ன். நான் அவசரப்பட்டு ரிட்டர்னை முதலில் போட்டேன். நிவாரணம் இல்லை என்று நோட்டீஸ் வந்தது.

குழித்துறை டீச்சர்
10இ-யில் வருடவாரியாகத் தொகை கேட்கிறதே? என்னிடம் மொத்தத் தொகை மட்டும்தானே இருக்கிறது.

தக்கலை எழுத்தர் (ஓய்வு)
பில்லோடு மாதவாரி நிலுவைப் பட்டியல் இணைத்திருப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் அதன் நகல் கேளுங்கள். 2023 ஜூன் முதல் 2024 மார்ச் வரை கூட்டினால் அதுதான் பழைய வருடத் தொகை. படிவம் 16-இல் (வரிப் பிடித்தச் சான்று) 71,032 காட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழித்துறை டீச்சர்
நகல் கிடைத்தது, சார். 20 மாதக் கணக்கும் இருக்கிறது. முதல் பத்தை இரண்டு தடவை கூட்டினேன். நீங்கள் சொன்ன தொகைதான் வருகிறது. இன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும் 10இ போடுகிறேன்.