பிரிட்ஜும் டிஎச்சிபி ரிலேயும் ஒரே சாதனத்தில்: தவறான சப்நெட்டில் முகவரி கிடைக்கிறது

கேள்வி:
வணக்கம். நான்கு போர்ட்கள் கொண்ட எங்கள் ரவுட்டரில், கணினிகளுக்குத் தானாக முகவரி தரும் டிஎச்சிபி சர்வர் (192.168.10.5) முதல் போர்ட்டிலும், பயனர் கணினிகள் 192.168.20.0/24 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் துணைப் பிரிவு) மற்ற மூன்று போர்ட்களிலும் உள்ளன. இரு பக்கத்தினரும் பிரிண்டர்களைத் தானாகக் கண்டறிய வேண்டும் என்பதற்காக நான்கையும் முன்பே ஒரே பிரிட்ஜில் (பல போர்ட்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் அமைப்பு) சேர்த்து, அதற்கு 192.168.10.1, 192.168.20.1 ஆகிய இரு முகவரிகளையும் கொடுத்திருந்தேன். இப்போது முகவரிக் கோரிக்கைகளைச் சர்வருக்குக் கொண்டுசேர்க்கும் ரிலேயையும் இயக்கியபின், ஒரே கணினி ஒரு முறை 20 வரிசையிலும் மறுமுறை 10 வரிசையிலும் முகவரி பெறுகிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில் 1:
ஸ்பானிங் ட்ரீ (பிரிட்ஜில் பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் முறை) இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். அதன் பழைய வடிவத்தில் ஒரு போர்ட் பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கும் முன் 15 நொடி கேட்டல், 15 நொடி கற்றல் என 30 நொடிகள் கடக்கும். அதற்குள் கணினி சலித்துப்போய் 169.254 வரிசையில் தனக்குத்தானே முகவரி சூட்டிக்கொள்ளும்.

பதில் 2:
அவர் சொல்லும் அறிகுறி அதுவன்று. முகவரி கிடைக்கிறது, ஆனால் இரு வழிகளில் கிடைக்கிறது. முகவரி கேட்கும் கணினி தன் கோரிக்கையை 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு அனுப்புகிறது. ரவுட்டிங் எல்லையை அது தாண்டாது என்பதால்தான் ரிலே தேவைப்படுகிறது: ரிலே அந்தக் கோரிக்கையை வாங்கி, அதிலுள்ள கேட்வே முகவரிப் புலத்தில் தன் முகவரியை எழுதி, சர்வருக்கு நேரடியாக அனுப்பும், சர்வர் அந்தப் புலத்தைப் பார்த்தே எந்த வரிசையிலிருந்து முகவரி தருவது என்று முடிவுசெய்யும். உங்கள் பிரிட்ஜோ அதே கோரிக்கையை எந்த மாற்றமும் இன்றி முதல் போர்ட்டுக்கும் கடத்திவிடுகிறது. அந்தப் பிரதியில் கேட்வே புலம் 0.0.0.0 என்றே இருப்பதால், கணினி தன் பக்கத்திலேயே இருப்பதாகக் கருதி சர்வர் 10 வரிசையில் முகவரி தருகிறது. எந்தப் பதில் முந்துகிறதோ அதைத்தான் பெரும்பாலான கணினிகள் ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே முதல் போர்ட்டைப் பிரிட்ஜிலிருந்து நீக்கி, 192.168.10.1 முகவரியை அதற்கே கொடுங்கள். மற்ற மூன்றும் பிரிட்ஜில் தொடரட்டும், 192.168.20.1 பிரிட்ஜ் இடைமுகத்தில் இருக்க வேண்டுமே தவிர, அதன் உறுப்பான எந்தப் போர்ட்டிலும் இருக்கக் கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. ரிலேயில் பயனர் பக்கமாகப் பிரிட்ஜையும் சர்வர் பக்கமாக முதல் போர்ட்டையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியே மாற்றினேன், இப்போது எந்தக் கணினிக்கும் முகவரி கிடைக்கவில்லை. சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால் கோரிக்கை வருகிறது, பதிலும் புறப்படுகிறது.

பதில் 3:
சர்வர் தன் பதிலை 192.168.20.1 முகவரியின் யுடிபி 67ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். சர்வரின் இயல்புக் கேட்வே (பிற சப்நெட்டுகளுக்கான பாக்கெட்டுகளை அது ஒப்படைக்கும் ரவுட்டர்) வேறொரு ரவுட்டராக இருந்தால் பதில் அங்கே போய்த் தொலைந்துவிடும், 192.168.20.0/24 சப்நெட்டுக்கு 192.168.10.1 வழியாக ஒரு நிலையான பாதை சேருங்கள். ரவுட்டரின் ஃபயர்வால் அந்தப் போர்ட்டைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
காரணம் பாதைதான், சேர்த்தவுடன் எல்லாக் கணினிகளுக்கும் 20 வரிசையில் சரியாக முகவரி வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் பிரிண்டர்கள் இப்போது மறுபக்கத்தில் தெரியவில்லை.

பதில் 2:
அந்தக் கண்டறிதல் பெரும்பாலும் 224.0.0.251 முகவரியில், 5353ஆம் போர்ட்டில் நடப்பது. அந்தப் பாக்கெட்டுகள் ஒரு சப்நெட்டுக்குள்ளேயே நின்றுவிடும், டிஎச்சிபி ரிலேயும் அவற்றைத் தொடாது. உங்கள் ரவுட்டரில் இந்தப் பாக்கெட்டுகளை மறுபக்கத்துக்கும் கடத்தும் எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர் வசதி இருந்தால் இரு இடைமுகங்களுக்கும் அதை இயக்குங்கள். இல்லையென்றால் பிரிண்டர்களுக்கு நிலையான முகவரி ஒதுக்கி, கணினிகளில் அந்த முகவரியைக் கொண்டே நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். பிரிண்டர்கள் சில மட்டுமே என்றால் நான் இந்த இரண்டாவது வழியையே விரும்புவேன்.