15 சதவீத வரம்பு போனால் குடிமுழுகாதாம்: மைனாட் பற்றிய ஒரு பதில்

சிற்றலை:
ஏலத்தொகை பற்றிய இழையில் கிராஸ்ஃபேடர் நேற்று எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "தனியார் எஃப்எம்முக்கு இருந்த 15 சதவீத தேசிய உச்சவரம்பை 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு எடுத்தது சரியான முடிவு. அமெரிக்கா 1996லேயே எடுத்துவிட்டது, ஒன்றும் குடிமுழுகவில்லை. மைனாட், மைனாட் என்று பயம் காட்டுவது கட்டுக்கதை."

ஒரே கம்பெனி நாட்டின் மொத்தத் தனியார் எஃப்எம் அலைவரிசைகளில் 15 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த வரம்பு. அதை எடுத்தால் என்ன ஆகும் என்பது கட்டுக்கதையா? 1996 பிப்ரவரியில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்துப் போடும் வரை அங்கே ஒரு கம்பெனி நாடு முழுவதும் 20 ஏஎம், 20 எஃப்எம் நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்கு முன் 18, அதற்கு முன் 12, அதற்கும் முன் 7. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தவர்கள் 1996ல் தேசிய எண்ணிக்கையையே தூக்கி எறிந்தார்கள். சுமார் 40 நிலையம் வைத்திருந்த கிளியர் சேனல் என்ற வானொலிக் கம்பெனி சில ஆண்டுகளில் 1200ஐத் தாண்டியது.

2002 ஜனவரி 18, வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரம். பின்னிரவு 1.37க்கு 112 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயிலில் 31 பெட்டிகள் தடம் புரண்டன. 5 டாங்கர்கள் பிளந்து 1,46,700 காலன் நீரற்ற அம்மோனியா வெளியே வந்தது. ஒருவர் இறந்தார், 300க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஊரின் 6 வணிக வானொலி நிலையங்களும் ஒரே கம்பெனி கையில், அதே கிளியர் சேனல். போலீஸ் தொலைபேசியில் அழைத்தும் நிலையத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆறும் ஒரே கை. இதில் எது கதை?

கிராஸ்ஃபேடர்:
நிலையத்தில் ஆள் இருந்தார். இதை உங்களுக்கு எத்தனை முறை சொல்வது?

அன்றிரவு ஒரு ஊழியர் பணியில் இருந்தார் என்றும், ஊரே ஒரே நேரத்தில் அழைத்ததால் லைன் அடைபட்டது என்றும் கம்பெனி தெளிவாகச் சொன்னது. அதோடு, அவசர எச்சரிக்கை முறைக்குத் தொலைபேசியே தேவையில்லை. அதிகாரி தரப்புக் கருவி முதலில் குறியீட்டுத் தலைப்பை 3 முறை அனுப்பும். பிறகு 853, 960 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்த எச்சரிக்கை ஒலி, அதற்குப் பின் 2 நிமிடத்துக்கு மிகாத பேச்சு, கடைசியில் முடிவுக் குறியீடு 3 முறை. நிலையத்தில் உள்ள கருவி தானியங்கி முறையில் இருந்தால் ஓடுகிற பாட்டை அதுவே வெட்டிவிட்டு அறிவிப்பைப் போடும். ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தாலும் போடும். மைனாட் போலீஸ் தங்கள் பக்கத்துக் கருவியைச் சரியாக நிறுவி இயக்கவில்லை என்பதுதான் கம்பெனியின் பதில்.

ரயில் கவிழ்ந்ததற்குக் காரணமும் ரேடியோ இல்லை. தண்டவாளங்களை இணைக்கும் இரும்புத் தகடான ஃபிஷ் பிளேட்டில் விரிசல், அதைக் கண்டுபிடிக்காத தண்டவாளப் பராமரிப்பு. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

நேயர்_கரூர்:
மினோட் பற்றி இவ்வளவு விவரம் இப்போதுதான் தெரிகிறது. நன்றி கிராஸ்ஃபேடர் அண்ணே.

சிற்றலை:
மினோட் இல்லை தம்பி, மைனாட். ஊர் பெயரே தெரியாமல் அதற்குள் நன்றியா?

கிராஸ்ஃபேடர், ஃபிஷ் பிளேட்டுக்கும் ரேடியோதான் காரணம் என்று நான் எங்கே எழுதினேன்? பேச்சைத் திருப்பாதீர்கள். ஆள் இருந்தார் என்கிறீர்கள். எத்தனை பேர்? ஒருவர். எத்தனை நிலையத்துக்கு? ஆறுக்கு. ஆறு தனித்தனி முதலாளிகளிடம் இருந்திருந்தால் போலீஸிடம் ஆறு எண்கள் இருந்திருக்கும். ஐந்தில் லைன் அடைபட்டாலும் ஆறாவதில் யாராவது எடுத்திருப்பார்கள். ஒரே கட்டடம், ஒரே ஆள் என்றாகிவிட்டால் அந்த ஒன்று விழுந்தால் எல்லாமே விழுந்தது. ஆறும் ஒரே கை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

டெசிபல்:
இருவரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "ஊர்", "சந்தை" என்பதற்கு என்ன வரையறை என்று முடிவு செய்யாமல் இந்தச் சண்டை தீராது.

1996 சட்டம் தேசிய எண்ணிக்கையை எடுத்தாலும் உள்ளூர் எண்ணிக்கையை வைத்திருந்தது. 45 அல்லது அதற்கு மேல் நிலையங்கள் உள்ள சந்தையில் ஒருவருக்கு 8, ஒரே வகையில் (ஏஎம் மட்டும் அல்லது எஃப்எம் மட்டும்) 5. 30 முதல் 44 வரை இருந்தால் 7, ஒரே வகையில் 4. 15 முதல் 29 வரை 6, ஒரே வகையில் 4. 14 அல்லது அதற்குக் குறைவு என்றால் 5, ஒரே வகையில் 3, அதுவும் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அப்படியிருக்க மைனாட் மாதிரி சிறிய ஊரில் 6 எப்படிச் சாத்தியம்?

எண்ணும் முறையில்தான் ஓட்டை. அப்போது சந்தையை ஊரை வைத்து அளக்கவில்லை, அலை எட்டும் எல்லையை வைத்து அளந்தார்கள். அலையின் வலிமை எஃப்எம்முக்கு மீட்டருக்கு 3.16 மில்லிவோல்ட், ஏஎம்முக்கு 5 மில்லிவோல்ட் இருக்கும் இடம் வரை நிலையத்தைச் சுற்றி ஒரு கோடு. ஒரு கம்பெனியின் நிலையங்களுடைய கோட்டை எந்த நிலையத்தின் கோடு தொட்டாலும் அது "சந்தையின் மொத்தம்" என்ற கணக்கில் சேரும். அந்தக் கம்பெனிக்கு எத்தனை என்று எண்ணும்போது மட்டும் ஒன்றோடொன்று மேல்விழும் நிலையங்களையே எண்ணுவார்கள். அதாவது வகுக்கும் எண் ஊதும், வகுபடும் எண் சுருங்கும். தடுக்க மலை இல்லாத சமவெளியில் 100 கிலோவாட் எஃப்எம் என்றால் கோடு எங்கோ இருக்கும் ஊர்களையும் தொடும். சிறிய ஊரும் காகிதத்தில் பெரிய சந்தையாகிவிடும். 2003ல் அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி இதை விட்டு, நேயர் கணக்கெடுக்கும் ஆர்பிட்ரான் நிறுவனம் வரைந்த நகரப் பகுதிகளுக்கு மாறியது. ஏற்கெனவே கையில் இருந்தவற்றைத் தொடவில்லை.

ஆகவே வரம்பு இருந்தும் ஆறு வந்தது. எந்த எல்லைக்குள் எண்ணுவது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.

கிராஸ்ஃபேடர்:
பார்த்தீர்களா? டெசிபலே சொல்லிவிட்டார், தேசிய வரம்புக்கும் மைனாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று. ஆளும் இருந்தார்.

டெசிபல்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

சிற்றலை:
டெசிபல் சொன்னது எனக்குத்தான் சாதகம். சட்டத்தில் ஐந்து என்று எழுதியிருந்த இடத்திலேயே ஆறும் ஒரே கை ஆயிற்று. அப்படியானால் வரம்பையே எடுத்த இடத்தில் என்ன நடக்கும்?

டெசிபல்:
அதையும் நான் சொல்லவில்லை. வரையறை பற்றிக் கேட்டேன்.

கிராஸ்ஃபேடர்:
"ஆறும்" என்பதே முதலில் சரியா? மைனாட்டில் பொது வானொலியும் உண்டு, அதைச் சேர்த்தால் ஆறும் அல்ல.

சிற்றலை:
வணிக நிலையம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். படிக்காமல் பதில் எழுதுவது உங்களுக்குப் பழக்கம். சமுதாய வானொலி இழையில் 50 வாட்டையும் 100 வாட்டையும் குழப்பிக்கொண்டு மூன்று நாள் சண்டை போட்டது நீங்கள்தானே.

கிராஸ்ஃபேடர்:
குழப்பவில்லை. டிரான்ஸ்மிட்டர் 50 வாட், ஆன்டெனாவின் பெருக்கத்தோடு சேர்த்து அலைவீசும் திறன் 100 வாட். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், உங்களுக்குப் புரியவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே எடுத்தது தேசிய 15 சதவீதத்தை மட்டும். ஒரு நகரத்தில் 40 சதவீத அலைவரிசைக்கு மேல் ஒருவருக்குக் கிடையாது, குறைந்தது 3 வெவ்வேறு உரிமையாளர் இருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. 8 அலைவரிசை உள்ள நகரத்தில் 40 சதவீதம் என்றால் 3.2, அதாவது 3. 2024 ஆகஸ்டில் 234 புதிய ஊர்களுக்கு 730 அலைவரிசைகளை ஏலம் விட அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சராசரியாக ஊருக்கு மூன்று. மூன்றில் 40 சதவீதம் 1.2, அதாவது ஆளுக்கு ஒன்று. ஆறும் ஒரே கையில் போக இங்கே வழியே இல்லை. எதற்கு இந்தப் பூச்சாண்டி?

சிற்றலை:
கணக்கு சரி, ஆனால் கை எது என்பதில் ஏமாறுகிறீர்கள். தனியார் எஃப்எம்முக்கான மூன்றாம் கட்டக் கொள்கையில் ஒரு கம்பெனி தன் எல்லா நிலையங்களையும் நாடு முழுவதும் இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஓட்டலாம். இரண்டாம் கட்டத்தில் ஒரே மண்டலத்தின் சிறு நகரங்களுக்கு மட்டும் இருந்த சலுகை அது. 15 சதவீத வரம்பும் போய்விட்டால், 200 ஊர்களில் ஊருக்கு ஒன்று என்று ஒரே கம்பெனி எடுக்கலாம். ஒவ்வொரு ஊரிலும் 40 சதவீத விதி ஒழுங்காக இருக்கும், ஊரில் மட்டும் ஆள் இருக்க மாட்டார்.

எப்படி நடக்கும் என்றும் சொல்கிறேன். பாட்டுகளுக்கு நடுவே மணிக்குப் பத்து இணைப்புப் பேச்சு, ஒவ்வொன்றும் 30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி நேர நிகழ்ச்சிக்கு மொத்தம் 20 நிமிடப் பேச்சு. அதைத் தலைமையிடத்தில் ஒருவர் முந்தைய நாளே பதிந்துவிடலாம். கணினி பாட்டின் முடிவில் பேச்சை ஒட்டும், இடையில் அந்தந்த ஊர் விளம்பரத்தைச் சொருகும். ஊரில் மிஞ்சுவது டிரான்ஸ்மிட்டர், ஜெனரேட்டர், காவலாளி. வெள்ளம் வந்தால் பதிந்து வைத்த குரல் "வெயில் கொளுத்துகிறது" என்று பேசிக்கொண்டிருக்கும். மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளைப் போடலாம் என்கிறது விதி. தாசில்தார் அழைத்தால் எடுப்பது யார், காவலாளியா?

நேயர்_கரூர்:
மைனாட்டில் ஆள் இருந்தார் என்று அண்ணன் ஆதாரத்தோடு சொன்ன பிறகும் அதே பாட்டு.

சிற்றலை:
அது ஆதாரம் இல்லை, கம்பெனி சொன்ன பதில். குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதை ஆதாரம் என்றா எடுத்துக்கொள்வீர்கள்?

கிராஸ்ஃபேடர்:
சிறிய ஊரில் தனி முதலாளி நிலையம் நடத்தினால் ஆண்டுக் கட்டணம் எப்படிக் கட்டுவார்? 2024க்கு முன் ஏலம் போன ஊர்களுக்கு வைத்த விதி, மொத்த வருமானத்தில் 4 சதவீதம், அல்லது அந்த ஊரின் ஏலத்தொகையில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. விளம்பரமே வராத ஆண்டிலும் இரண்டாவது கணக்கு நின்றது. பெரிய கம்பெனி வந்தால்தான் அந்த ஊருக்கு எஃப்எம்மே வரும். இல்லாத நிலையத்தில் எந்த ஆளை வைப்பீர்கள்?

சிற்றலை:
பெரிதானால் பிழைக்கும் என்கிறீர்களா? அமெரிக்க வானொலிக் கம்பெனி கியூமுலஸ் 2017 நவம்பரில் திவால் மனு போட்டது. கிளியர் சேனலின் இன்றைய பெயர் ஐஹார்ட்மீடியா, 2018 மார்ச்சில் சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு அதே வாசலில் நின்றது. இன்னொரு வானொலிக் கம்பெனி ஆடசி 2024 ஜனவரியில். மூன்றும் வரம்பு போனதும் கடன் வாங்கி வாங்கிக் குவித்தவை. வட்டி கட்ட முதலில் வெட்டியது இரவு நேர ஆளைத்தான்.

கிராஸ்ஃபேடர்:
ஐஹார்ட்டின் கடன் 2008ல் பெயின் கேபிட்டல், தாமஸ் லீ என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கிக் கம்பெனியைக் கைப்பற்றியபோது ஏறியது. நிலைய எண்ணிக்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதுவும் போக, திவால் ஆன பிறகும் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வேண்டுமென்றே மறைக்கிறீர்கள்.

சிற்றலை:
1200 நிலையம் இல்லாத கம்பெனியை வாங்க அவ்வளவு கடனை யார் கொடுப்பார்கள்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மறைப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

டெசிபல்:
"ஒரே கை" என்பது உரிமமா, நிகழ்ச்சியா, கட்டடமா? இதையாவது யாராவது...

கிராஸ்ஃபேடர்:
டெசிபல், பிறகு பேசலாம். சிற்றலை, கடைசியாகக் கேட்கிறேன், ஆம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். 2002 ஜனவரி 18 இரவு அந்த நிலையத்தில் ஆள் இருந்தாரா, இல்லையா?

சிற்றலை:
எந்த நிலையத்தில் என்று நீங்கள் சொல்லுங்கள். ஆறு இருந்தன.